அனுப்பும் வழியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பழைய பொருள் சந்தைகளிலும் வீடு காலி செய்பவர்களிடமும் நாலைந்து மாதமாகத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்திருக்கிறீர்கள். மூன்று ஃபிலிம் கேமரா, இரண்டு தனி லென்ஸ், கையில் தூக்கிச் செல்லும் வகை டைப்ரைட்டர் ஒன்று, ஒரு பெட்டி இசைத்தட்டுகள், கொஞ்சம் பழைய புத்தகங்கள். உள்ளூரில் யாரும் உரிய விலை தருவதில்லை. வெளிநாட்டுத் தளங்களில் அதே பொருளுக்கு மூன்று மடங்கு விலை தெரிகிறது. எந்தக் கூரியர் மலிவு, சுங்கத்தில் மாட்டாமல் எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, அங்கே தெரியும் மூன்று மடங்கு விலை உங்கள் கைக்கு வந்து சேருமா என்பதைத்தான். சில பொருள்களுக்கு வரும், சிலவற்றுக்கு வரவே வராது. எதற்கு வரும் என்பது அனுப்பும்போது அல்ல, காசு கொடுத்து வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

பன்னிரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் நான்கு வருடம் இன்னொரு வேலைக்குப் போய்க்கொண்டே செய்தது. நான் தொட்டவை கேமரா, லென்ஸ், டைப்ரைட்டர், இசைத்தட்டு, புத்தகம், கொஞ்சம் பேனா. துணிமணி, நகை பக்கம் போனதே இல்லை. அவற்றுக்கு நான் சொல்வதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். வருமான வரிக் கணக்கும் என் வேலை அல்ல. அதை ஒரு கணக்காளரிடம் கேட்டு, விற்கத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

முதலில் அந்த மூன்று மடங்கு. நீங்கள் பார்த்தது விற்பவர் கேட்கும் விலை. கேட்பதற்குக் காசா பணமா? ஒரே கேமரா மூன்று வருடமாக அதே விலையில் ஒரு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஈபேயில் தேடும்போது விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. இசைத்தட்டுகளுக்கு டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் முன்பு விற்ற விலைகளைப் பார்க்கலாம். பார்க்க வேண்டியது அந்த விலைகளைத்தான். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: விற்றவர் எந்த நாட்டில் இருக்கிறார்? வாங்குபவரும் அதே நாட்டுக்காரராக இருந்தால் தபால் செலவு கொஞ்சம்தான், சுங்கம் கிடையாது, மூன்று நாளில் கையில் கிடைத்துவிடும். உங்களிடம் வாங்கினால் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், வரி கட்ட வேண்டியிருக்கும், கொஞ்சம் பயமும் இருக்கும். அந்தக் காத்திருப்புக்கும் பயத்துக்கும் அவர் விலையில் கழித்துக்கொள்வார். அதனால் அங்கே உள்ளூரில் 100க்கு விற்ற பொருளை நீங்கள் 75 அல்லது 80க்கு விற்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம் கமிஷன். பெரிய தளங்களில் பெரும்பாலான வகைகளுக்கு அது பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே வரும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: ஈபே போன்ற தளங்களில் பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, வாங்குபவர் கட்டும் தபால் செலவுக்கும் சேர்த்தே கமிஷன் எடுக்கிறார்கள். பொருள் 60, தபால் 40 என்றால் கமிஷன் 100க்கு. வெளிநாட்டு விற்பனை என்பதால் கூடுதல் கட்டணம், நாணயம் மாற்றும்போது போகும் ஒன்றிரண்டு சதவீதம், அட்டைப்பெட்டி, டேப், பபிள் ராப், இதெல்லாம் தனி. இவற்றைக் கழித்துவிட்டு, வருடத்தில் இருபது பார்சலில் ஒன்று ஏதாவது ஒரு விதத்தில் கெட்டுப்போகும் என்று அதற்கும் ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். இருபதில் ஒன்று என்பது எங்கும் பதிவான புள்ளிவிவரம் அல்ல. நான் எனக்காக வைத்துக்கொள்ளும் கணக்கு. நல்ல வருடத்தில் அதில் மிச்சம் விழும். மிச்சம் விழாத வருடமும் உண்டு.

கணக்கு இதோடு நின்றால் பரவாயில்லை. எடை என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் மேலே பெட்டியின் அளவு. கூரியர்கள் தராசில் வரும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, விரைவுக் கூரியர்கள் பொதுவாக 5000ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குத்தான் பில். 40க்கு 30க்கு 20 பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 24,000, வகுத்தால் 4.8 கிலோ. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ கேமராவாகவே இருந்தாலும் நீங்கள் கட்டுவது 4.8 கிலோவுக்கு, பல கூரியர்களில் அதையும் 5 ஆக்கிவிடுவார்கள். அஞ்சல் துறையில் சிறு பொட்டலம் என்று ஒரு வகை உண்டு, அதற்கு உச்ச எடை 2 கிலோ. என் வியாபாரம் கிட்டத்தட்ட முழுக்க அந்த 2 கிலோவுக்குள்தான் நடக்கிறது. தற்செயலாக அமைந்தது அல்ல. பெட்டியோடு சேர்த்து 2 கிலோவைத் தாண்டும் பொருளை வெளிநாட்டுக்கென்று நான் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

அதனால் சந்தையில் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் நான் கேட்டுக்கொள்வது, இது எந்தப் பெட்டியில் போகும் என்பதுதான். லென்ஸ், பேனா, சிறிய புத்தகம், பழைய கருவியின் கையேடு, உதிரிப் பாகம் எல்லாம் கேள்வியே இல்லாமல் போகும். உதிரிப் பாகத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஷட்டர் செத்துப்போன கேமராவை முழுதாக யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அதன் பேட்டரி மூடி, ஃபிலிம் சுற்றும் நெம்புகோல், பின்கதவு, தோல் உறை ஆகியவற்றுக்கு எங்கோ ஒருவர் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார். ஒரு பேட்டரி மூடி ஐந்து கிராம் இருக்குமா? உறையில் போட்டு அனுப்பிவிடலாம். ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் 1995இல் அதில் முதலில் விற்ற பொருளே ஒரு உடைந்த லேசர் பாயின்டர்தான், 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரியும் அல்லவா என்று வாங்கியவரைக் கேட்டாராம். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பவன்தான் நான் என்று பதில் வந்ததாம். உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்றால் அதற்கும் ஆள் வரும்.

அந்தச் சொல்லும் பகுதிக்கு வருவோம். வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது, திருப்பி அனுப்புவதானால் பொருளின் பாதி விலை தபாலுக்கே போய்விடும். உள்ளூர்க்காரர் சின்னக் குறையைப் பார்த்தால் சரி விடுங்கள் என்பார். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி இருப்பவர் அதே குறைக்காகப் புகார் எழுதுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து சின்ன டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. நூல் இல்லாமல் மொத்தமாகப் புகை படிந்தாற்போல் இருந்தால் அது வேறு கோளாறு. இரண்டையும் அந்த டார்ச் வெளிச்சத்திலேயே படம் எடுத்துப் போடுங்கள். ஒளி மீட்டர் உள்ள பழைய கேமராவில் பாதரச பேட்டரிக்கென்று வடிவமைத்தவை உண்டு. 1.35 வோல்ட் தரும் அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை, இன்றைய பேட்டரியைப் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டலாம். அதையும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். ‘பரிசோதிக்கவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அனுபவசாலிகள் அதை ‘வேலை செய்யவில்லை, சொல்ல மனமில்லை’ என்றுதான் படிப்பார்கள்.

தரத்தைக் குறிக்கும் சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களின் தர வரிசையில் ‘குட்’ என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை. மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கிறது அந்த ‘குட்’: கீறல் நிறைய, சத்தம் நிறைய, ஆனாலும் ஓடும். பழைய புத்தக வியாபாரத்திலும் அதே கதைதான். பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன, மற்றபடி நன்றாகத் தேய்ந்தது என்பதற்குத்தான் ‘குட்’. இது தெரியாமல் பளபளப்பான தட்டுக்கு ‘குட்’ போட்டு அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் உண்டு. தேய்ந்த தட்டுக்குப் பெருமையாக ‘எக்ஸலன்ட்’ போட்டுத் திட்டு வாங்கியவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

இனி பெட்டி கட்டுவது. உங்களிடம் டைப்ரைட்டர் இருப்பதால் என் முதல் டைப்ரைட்டர் கதையைச் சொல்கிறேன். அதற்கென்று வந்த கைப்பெட்டியிலேயே வைத்துப் பூட்டி, சுற்றிலும் கனமாக பபிள் ராப், அதற்கு மேல் தடித்த அட்டைப்பெட்டி என்று கட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் படம் அனுப்பினார். அட்டைப்பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை, கைப்பெட்டியும் புதிதுபோல் இருந்தது. திறந்தால் இயந்திரம் பிடிப்பிலிருந்து கழன்று மூடியில் முட்டிக் கிடக்கிறது. வரி மாற்றும் நெம்புகோல் வளைந்திருக்கிறது. கேரியேஜ், அதாவது காகித உருளையோடு இடமும் வலமும் ஓடும் பகுதி, வழியெல்லாம் ஓடி ஓடி இடித்து ஒரு பக்கம் இறுகிவிட்டது. வெளியே எவ்வளவு மெத்தை வைத்தும் பயன் இல்லை, உடைத்தது உள்ளே இருந்த அசைவுதான். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். பொருளைத் திருப்பி வாங்கத் தபால் செலவு கட்டுபடியாகாததால் அதையும் அவரிடமே விட்டுவிட்டேன்.

இப்போது யாராவது டைப்ரைட்டர் அனுப்பக் கேட்டால் சொல்வது இது. கேரியேஜை நடுவில் நிறுத்தி, பூட்டு இருந்தால் போட்டு, இரண்டு பக்க மார்ஜின் நிறுத்திகளையும் நடுவுக்குத் தள்ளி அது நகரவே முடியாதபடி செய்யுங்கள். நெம்புகோலைத் துணி நாடாவால் கட்டுங்கள். டேப்பை நேராக ஒட்டினால் பெயின்ட் உரிந்துவரும். கைப்பெட்டிக்கு உள்ளே, இயந்திரத்துக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை ஃபோமால் நிரப்புங்கள். அப்புறம் ஒரு பெட்டி, அதைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விட்டு இன்னொரு பெட்டி. மூடுவதற்கு முன் தூக்கி ஒரு குலுக்கு. ஏதாவது சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள். இதெல்லாம் முடிந்து தராசில் வைத்தால் எட்டு கிலோ காட்டும். உங்கள் டைப்ரைட்டரை உள்ளூரிலேயே, நேரில் வந்து எடுத்துச் செல்பவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்வது அதனால்தான். மிக அபூர்வமான மாடலாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மற்றவை எளிது. இசைத்தட்டை அதன் அட்டை உறைக்குள்ளேயே வைத்து அனுப்பாதீர்கள். பார்சல் விழும்போது தட்டின் விளிம்பே அட்டையின் மடிப்பைக் கிழித்துவிடும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் விறைப்பான அட்டை கொடுத்தால் போதும். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள், இரண்டு மூடியும் போட்டு. புத்தகத்துக்கு ஈரம் புகாத பிளாஸ்டிக் உறை, மூலைகளுக்கு அட்டை, உள்ளே ஆடாத அளவுக்கு இறுக்கம்.

சுங்கத்தில் மாட்டாமல் எப்படி அனுப்புவது என்ற கேள்விக்கு, மறைக்க எதுவும் இல்லாமல் அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். அஞ்சல் வழியில் உலகம் முழுக்க ஒரே மாதிரியான இரண்டு படிவங்கள் உண்டு. மதிப்பு குறைவான சிறு பொட்டலத்துக்கு சி.என். 22, மதிப்பு கூடினாலோ பெரிய பார்சலானாலோ சி.என். 23. இதை வகுத்தது 1874இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம். 2021 தொடக்கத்திலிருந்து பொருள் அடங்கிய பொட்டலங்களுக்கு இந்த விவரங்கள் மின்னணு வடிவில் பார்சலுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. உள்ளே என்ன என்ற இடத்தில் ‘பழைய பொருள்’ என்று எழுதினால் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள். ‘பயன்படுத்திய கேமரா லென்ஸ், கண்ணாடி மற்றும் உலோகம், 1’ என்று எழுதுங்கள். கூடவே பொருளின் வகையைக் காட்டும் ஹெச்.எஸ். குறியீட்டு எண். உலகச் சுங்க அமைப்பின் இந்தக் குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அச்சிட்ட புத்தகம் 4901 என்று தொடங்கும், நூறு வருடம் தாண்டிய பழம்பொருள் 9706.

வாங்குபவர்கள் சிலர் மதிப்பைக் குறைத்துப் போடுங்கள், பரிசு என்று எழுதுங்கள் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் ஒருமுறை நானும் தலையாட்டினேன். பார்சலைத் திறந்த சுங்கத்தில் விற்பனை ரசீது கேட்டார்கள், வாங்கியவர் கொடுத்த ரசீதில் இருந்த தொகை வேறு, படிவத்தில் இருந்த தொகை வேறு. ஆறு வாரம் அங்கேயே கிடந்துவிட்டுத் திரும்பி வந்தது, ஒரு மூலை நசுங்கி. இழப்பீடு கேட்கலாமென்றால், நான் எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு காசு கிடைக்காது என்றார்கள். நியாயம்தானே! பொய்யாக எழுதி அனுப்புவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பொய்யால் லாபம் வாங்குபவருக்கு, ஆபத்து மட்டும் உங்களுக்கு.

வரி விஷயத்தில் எது உறுதி, எது மாறிக்கொண்டே இருப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய பொருள் என்பதால் வரி இல்லை என்ற நினைப்பு தவறு, இது உறுதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொருளுக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1 முதல் எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து முதல் யூரோவுக்கே வரி உண்டு. பிரிட்டனில் 2021 தொடக்கத்திலிருந்து 135 பவுண்டுக்கு உட்பட்ட பொருளுக்கு வரியை விற்பனையின்போதே வசூலிக்கும் முறை வந்தது. தளத்தின் வழியாக விற்றால் தளமே வசூலித்துக் கட்டிவிடும். ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலேயே 1000 ஆஸ்திரேலிய டாலருக்கு உட்பட்ட இறக்குமதிக்கு இதே வழிக்குப் போய்விட்டது. பலருக்கும் பெரிய அடி அமெரிக்கா. 800 டாலர் வரை வரியில்லாமல் போன காலத்தை நம்பியே பல சிறு வியாபாரங்கள் ஓடின. 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருளுக்கும் அந்த விலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நாள்களில் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்கு வணிகப் பார்சல்களை வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தின. விகிதங்கள் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டிருப்பதால் எந்த எண்ணையும் மனப்பாடம் செய்யாதீர்கள். பொருளை விற்பனைக்குப் போடும் அன்று அந்த நாட்டுச் சுங்கத் தளத்திலோ கூரியரின் கணக்கீட்டுப் பக்கத்திலோ ஒருமுறை பாருங்கள். புத்தகம் மட்டும் நல்ல பிள்ளை: யுனெஸ்கோவின் 1950 ஃபுளோரன்ஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை இல்லை. மதிப்புக் கூட்டு வரி இருக்கலாம், அது வேறு.

வரியை யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முன்கூட்டியே நீங்கள் கட்டி அனுப்பும் முறையை டி.டி.பி. என்பார்கள், போய்ச் சேர்ந்ததும் வாங்குபவர் கட்டுவது டி.ஏ.பி. இரண்டாவதில் தொல்லை என்னவென்றால், கதவருகே வந்து வரியோடு கூரியரின் கையாளும் கட்டணமும் கேட்டதும் சிலர் பார்சலே வேண்டாம் என்றுவிடுவார்கள். திரும்பி வரும் செலவு உங்கள் தலையில். விலை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும், வசதி இருக்கும் நாடுகளுக்கு நான் டி.டி.பி.தான் போடுகிறேன்.

அனுப்பவே கூடாதவை, எளிதில் அனுப்ப முடியாதவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி தனியாக அஞ்சலில் போகாது. கருவிக்குள் இருந்தாலும் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு, சில நாட்டு அஞ்சலில் அதுவும் கிடையாது. வாசனைத் திரவியம் தீப்பற்றும் வகை. இருட்டில் ஒளிரும் பழைய கடிகாரம், திசைகாட்டி ஆகியவற்றில் ரேடியம் பூச்சு இருக்கக்கூடும், அது கதிர்வீசும் பொருள். யானைத்தந்தம், ஆமை ஓடு, முதலைத் தோல் எல்லாம் அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு, தாவரங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டீஸ் உடன்படிக்கைக்குள் வரும். பழைய கிட்டார் கண்ணில் பட்டால் அதன் மரத்தையும் விசாரியுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அதன் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் எல்லை தாண்டாது. நிஜமாகவே பழமையான சிலை, நாணயம், ஓலை, ஓவியம் என்றால் உங்கள் நாட்டிலிருந்து வெளியேறவே அனுமதி வேண்டியிருக்கலாம். அந்தத் துறையைக் கேட்காமல் விலைகூடப் பேசாதீர்கள்.

ஐரோப்பாவுக்கு விற்பவர்களுக்கு இரண்டு விஷயம், பலருக்கும் தெரியாமல் இருப்பதால் சொல்கிறேன். 2024 டிசம்பர் 13 முதல் அங்கே பொதுப் பொருள் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது பயன்படுத்திய பொருளுக்கும் பொருந்தும். வியாபாரமாக விற்பவர் என்றால் ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைக் காட்ட வேண்டும். பழம்பொருள்களுக்கும், பழுதுபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று தெளிவாகக் குறித்து விற்பவற்றுக்கும் விலக்கு உண்டு. என் கேமராக்களில் எது அந்த விலக்குக்குள் வரும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. தளம் அனுமதிக்கும் வகைகளை மட்டும் அங்கே போடுகிறேன். இன்னொன்று, வணிகமுத்திரை. ஒன்றியத்துக்கு வெளியே விற்கப்பட்ட அசல் பிராண்டுப் பொருளையே அங்கே வியாபாரமாகக் கொண்டுபோய் விற்பதை முத்திரைக்கு உரியவர் தடுக்கலாம் என்று 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் புத்தகங்களுக்கு நிலைமை வேறு; வெளிநாட்டில் முறையாக வாங்கிய பிரதியை அங்கே விற்கலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐம்பது வருடப் பழைய கேமராவுக்காக யாரும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. கைப்பை, காலணி என்று இறங்கினால் கதை மாறும்.

கூரியர் பொறுப்பேற்கும் என்று நம்புகிறீர்களா? விமானச் சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இழப்பீடு எடைக்குத்தான். 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்.; அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒரு டாலரைவிடக் கொஞ்சம் அதிகம். பெட்டியோடு 700 கிராம் இருக்கும் லென்ஸுக்கு இந்தக் கணக்கில் 18 சொச்சம் எஸ்.டி.ஆர்.தான். லென்ஸின் விலை எவ்வளவு என்பதை அது பார்ப்பதில்லை. அதனால் விலை கூடிய பொருளுக்குத் தனியாகக் காப்பீடு போடுங்கள். போடும் முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள்: பழம்பொருள், கண்ணாடி, ‘போதுமான கட்டு இல்லாதது’ என்ற மூன்றும் அங்கே அடிக்கடி இருக்கும்.

ஏமாற்றுகிறவர்கள் பக்கம் அதிகம் போகவில்லை. தளத்துக்கு வெளியே பணம் வாங்காதீர்கள். பணம் கட்டிய பிறகு வேறு முகவரிக்கு அனுப்பச் சொன்னால் விற்பனையை ரத்து செய்யுங்கள். டிராக்கிங் எண் இல்லாமல் எதுவும் போகக் கூடாது, ஐந்து கிராம் பேட்டரி மூடி தவிர. கேமரா, லென்ஸ் இரண்டிலும் வரிசை எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள், பெட்டி கட்டுவதையும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். என் லென்ஸ் போய் வேறொரு பூஞ்சை லென்ஸ் திரும்பி வந்தபோது என்னைக் காப்பாற்றியது அந்த வரிசை எண் படம்தான்.

உங்களிடம் இருப்பதற்கு என் யோசனை: முதலில் அந்த இரண்டு லென்ஸ். டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் அதில் விலை குறைந்ததை மட்டும் இந்த வாரம் போடுங்கள், அதுவும் இரண்டே நாடுகளுக்கு. அது போய்ச் சேர்ந்து பணம் உங்கள் கணக்கில் விழுந்த பிறகு அடுத்தது. புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போட்டால் எது முதல் பதிப்பு என்று பார்த்துச் சொல்கிறேன். இசைத்தட்டுகளில் லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்த்துப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எண்தான் எந்த அச்சு என்று காட்டும், டிஸ்காக்ஸில் அந்த எண்ணை வைத்தே தேடலாம். மூன்று கேமராக்களிலும் பேட்டரி அறையைத் திறந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.